ரெண்டு பென்ஸ் மகாபாரதம்

ஆகஸ்ட் 15 நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் மாமாக்கள் கிளம்பிவிடுவார்கள். '1947-ல் ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர்! இன்று பார்த்தீர்களா?' என்று மூவர்ணக் கொடி, அழும் பொம்மை சகிதம் ஒரு ஃபார்வர்டு வந்து விழும்.

மாமா, கொஞ்சம் உட்காருங்கள். அன்றைக்கு நம் ரூபாய்க்கு டாலரோடு நேரடிப் பேச்சுவார்த்தையே கிடையாது. எதுவானாலும் பவுண்டு துரை வழியாகத்தான். ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் சொச்சம். அந்தப் பவுண்டுக்கு 4 டாலர் சொச்சம். வகுத்தால் டாலருக்கு சுமார் ரூ.3.30 வருகிறது. கணக்கு நாலாம் வகுப்பு லெவல்தான். ஆனால் ஃபார்வர்டு பண்ண அதுகூடத் தேவையில்லையே!

உண்மையில் ரூபாய் விழ ஆரம்பித்தது மகாராணி விக்டோரியா காலத்திலேயே. தள்ளிவிட்டவர்? ஜெர்மனியின் பிஸ்மார்க்! பிரான்ஸைத் தோற்கடித்த குஷியில் ஜெர்மனி, 'இனி நமக்குத் தங்கம்தான்' என்று முடிவெடுத்து, கையிலிருந்த வெள்ளியைச் சந்தையில் கொட்டியது. அந்தப் பக்கம் அமெரிக்காவின் நெவாடா சுரங்கங்களிலிருந்து வேறு வெள்ளி வந்து குவிந்தது. நம் ரூபாயோ வெள்ளிக் காசு. 1870-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 2 ஷில்லிங்காக இருந்தது, இருபதே வருஷத்தில் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் யாரோ ஜெயிக்க, அடி வாங்கியது நம்ம ஊர் ரூபாய்!

இதில் அதிகம் அலறியவர்கள் யார் என்கிறீர்கள்? கலெக்டர் துரைமார்கள். சம்பளம் ரூபாயில், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பவுண்டில். அவர்கள் புலம்பிய புலம்பலில் அரசு மனமிரங்கி, நஷ்டத்தை ஈடுகட்டத் தனி அலவன்ஸே கொடுத்தது. பணம்? இந்தியக் கஜானாவிலிருந்துதான்! இந்தப் புகழ் லண்டன் மேடை வரை போனது. 1895-ல் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தில் ஒரு டீச்சரம்மா, பொருளாதாரப் புத்தகத்தில் 'ரூபாயின் வீழ்ச்சி' அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடும்படி மாணவியிடம் சொல்கிறார். சின்னப் பெண்கள் படிக்க ரொம்பக் கிளுகிளுப்பாம்.

அப்புறம் முதல் உலகப் போர். வெள்ளி விலை எகிறியதும் ரூபாயும் கூடவே எகிற, துரைகளுக்குப் பழைய ஆசை துளிர்த்தது. 1920-ல் பாபிங்டன் ஸ்மித் கமிட்டி, 'இனி ஒரு ரூபாய்க்கு 2 ஷில்லிங், அதுவும் தங்கத்தில்' என்றது. கமிட்டியில் இருந்த ஒரே இந்தியர் தாதிபா தலால் மட்டும் 'ஐயா, இது வேண்டாத வேலை' என்று தனிக் குறிப்பு எழுதினார். யார் கேட்டார்கள்? அந்த ரேட்டைத் தூக்கி நிறுத்த, சந்தையைவிட மலிவாகப் பவுண்டுகளை விற்றது அரசு. வியாபாரிகள் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் மாதிரி முண்டியடித்தார்கள். சுமார் ஐந்தரைக் கோடி பவுண்டு காலி. அடுத்த வருஷம் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ்கூடத் தேறவில்லை. இத்தனை செலவில் தலால் சொன்னது சரி என்று நிரூபித்தார்கள்.

இப்போதுதான் மெயின் பிக்சர். 1926-ல் ஹில்டன் யங் கமிஷன், '1 ஷில்லிங் 6 பென்ஸ்' என்றது. 'முடியாது, 4 பென்ஸ்தான்' என்று அதில் இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மறுப்புக் குறிப்பு எழுதினார். வித்தியாசம் இரண்டே பென்ஸ்; அதற்கு நாடு முழுக்க அனல் பறந்த விவாதம். கவனியுங்கள்: ரூபாய் உசத்தியாக இருக்கட்டும் என்றவர்கள் வெள்ளைக்காரர்கள். குறையுங்கள் என்றவர்கள் நம்மவர்கள்! ரூபாய் உசந்தால் லங்காஷயர் துணி இங்கே மலிவு. லண்டனுக்கு அனுப்பும் பென்ஷன் பணமும் லாபம். நம் பருத்தி விவசாயிக்கு மட்டும் கைக்கு வருவது குறையும்.

நம்ப முடியவில்லையா? 1930 ஜனவரியில் காந்தி, வைஸ்ராய் இர்வின் முன் பதினோரு கோரிக்கைகள் வைத்தார். உப்பு வரி ஞாபகம் இருக்கிறதல்லவா? அது நாலாவது. இரண்டாவது என்ன தெரியுமா? ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் குறைக்க வேண்டும்! மகாத்மாவே டீவேல்யுவேஷன் கேட்டிருக்கிறார், மாமா. தண்டிக்கு நடந்தது மட்டும் சினிமாவில் வந்தது. எக்ஸ்சேஞ்ச் ரேட்டுக்காக யாராவது நடந்தால் கேமரா எங்கே வைப்பது?

சுதந்திரம் வந்ததும் கட்சி மாறிவிட்டது. இப்போது ரூபாயைக் குறைப்பது தேசத் துரோகம்! 1949-ல் பவுண்டு விழுந்தபோது கூடவே நாமும் விழுந்து, டாலர் ரூ.4.76 ஆனது. பழி பவுண்டுக்குப் போனதால் பிழைத்தோம். 1966 ஜூன் 6-ல் இந்திரா காந்தி தன் பொறுப்பிலேயே ரூ.7.50 ஆக்கினார். காமராஜருக்கு வந்ததே கோபம்!

அதனால்தான் 1991-ல் ரூபாயைக் குறைத்தபோது எல்லாம் பரம ரகசியம். 'ஹாப், ஸ்கிப் அண்ட் ஜம்ப்' என்று சங்கேதப் பெயர் வேறு. ஜூலை 1-ல் முதல் குறைப்பு. எதிர்க்கட்சிகள் கொந்தளிக்க, பிரதமர் நரசிம்ம ராவுக்கு உதறல். இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். 3-ம் தேதி காலை நிதியமைச்சர் மன்மோகன் சிங், ரிசர்வ் வங்கித் துணை கவர்னர் சி. ரங்கராஜனுக்குப் போன் போட்டார். அவர் சொன்ன பதில்: குதித்தாயிற்று சார்.