கோளாறு உங்கள் கையில்தான்

பொருள் வேலை செய்யாவிட்டால் வாங்கியவன் தலையில் பழியைப் போடுவது பழைய வித்தை. லேகியம் விற்றவனிடம் போய் ‘குணமாகலையே’ என்றால், ‘பத்தியம் ஒழுங்கா இருந்தீங்களா?’ என்று திருப்பிக் கேட்பான். கையை ஆட்டினால் திரையில் கத்தி ஆடும், காலைத் தூக்கினால் பந்து பறக்கும் என்று கேம் கன்ட்ரோலர் விற்ற மூன்று பெரிய நிறுவனங்களும் பத்து வருடம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். அறையில் வெளிச்சம் சரியாக இருந்ததா? ஆறடி தள்ளி நின்றீர்களா? பின்னால் யாரும் குறுக்கே போகவில்லையே? தொளதொளவென்று உடுத்தியிருந்தீர்களோ? எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவனுக்கும் கடைசியாக ஒரு அடி மிச்சம் வைத்திருந்தார்கள்: நீங்கள் பழைய ஆள், பட்டனை விட்டு வர உங்களுக்கு மனசில்லை.

அந்தப் பழைய ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவன் சொன்னது அத்தனையும் நடந்தது. யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவன் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1989-இல் மேட்டல் நிறுவனம் நின்டெண்டோ கன்சோலுக்காக ‘பவர் க்ளவ்’ என்றொரு கையுறையை அமெரிக்காவில் விற்றது. முழங்கை வரை கவசம், அதில் எண்பலகை, டிவியைச் சுற்றி ஒலியலை வாங்கும் சட்டம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு எண்ணை மணிக்கட்டுக்கு மேல் தட்டி உள்ளிட வேண்டும். உள்ளிட்ட பிறகும் கை சொன்னதைத் திரை கேட்காது. அதற்கென்றே வந்த விளையாட்டுகள் இரண்டே இரண்டு. ஆனால் விளம்பரத்துக்குக் குறைவில்லை. அதே வருடம் வந்த ஒரு ஹாலிவுட் படமே அதற்குப் பல்லக்குத் தூக்கியது. நாலு வருடம் கழித்து சேகா எட்டு மூலைச் சட்டம் ஒன்றைத் தரையில் விரிக்கச் சொன்னது. அகச்சிவப்புக் கதிர் மேலே போகும், நடுவில் நின்று குத்து விடலாம், உதை விடலாம் என்றார்கள். பட்டனை ஒரு விரலால் அழுத்திய எதிராளி அதற்குள் உங்களை மூன்று முறை கொன்றிருப்பான்.

சரி, அது குழந்தைப் பருவம் என்று விட்டுவிடலாம். 2006-க்கு வருவோம்.

நின்டெண்டோவின் வீ கன்சோல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் டோக்கியோ கேம் ஷோவில் காட்டிய படத்தில் ஒரு விளையாட்டுக் காட்சிகூடக் கிடையாது. மனிதர்கள் மட்டும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாள் வீசினார்கள், தூண்டில் போட்டார்கள், பல் பிடுங்கினார்கள். பார்த்தவன் மனதில் தோன்றியது ஒன்றுதான்: என் கை எங்கே போகிறதோ அங்கே வாள் போகும். நின்டெண்டோ அப்படி எழுதிக் கையெழுத்துப் போடவில்லை. மனதில் தோன்ற விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. இந்தத் தொழிலின் சாமர்த்தியமே அதில்தான்.

அந்த ரிமோட்டுக்குள் இருந்தது ஒரு முடுக்கமானி. எவ்வளவு விசையோடு உதறினீர்கள், எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்று அதற்குத் தெரியும். கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. உங்கள் வாள்முனை எதிரியின் கழுத்தில் இருந்தாலும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். டிவிக்கு மேல் வைத்த ‘சென்சார் பார்’ உதவுமே என்பீர்கள். அந்தப் பட்டையில் சென்சாரே கிடையாது. இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு விளக்குகள் மட்டும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் ரிமோட் திருப்தியாக வேலை செய்யும். நிறையப் பேர் செய்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்கள்.

ஆகவே ‘ரெட் ஸ்டீல்’ மாதிரி வாள்சண்டை விளையாட்டில் நடந்தது இதுதான்: நீங்கள் வீரன் போல் வீசினாலும், ஈ ஓட்டுவது போல் உதறினாலும், முன்பே வரைந்து வைத்த நாலைந்து வெட்டில் ஒன்று திரையில் ஓடும். பட்டனை அழுத்தும் வேலைக்குத் தோள்பட்டையைக் கூலிக்கு அமர்த்தியதுதான் புரட்சி. விளம்பரத்துக் குடும்பம் டென்னிஸுக்குத் துள்ளிக் குதித்தது. வீட்டில் ஒரே வாரத்தில் சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துவிட்டான்: சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினால் போதும், திரையிலுள்ள பொம்மை தானாகவே பந்துக்கு ஓடும். குதித்தவன் மூச்சு வாங்கினான், சாய்ந்தவன் ஜெயித்தான்.

குதித்தவர்கள் பாவம், சிலர் கையிலிருந்து ரிமோட் பறந்து டிவியில் போய் இறங்கியது. மணிக்கட்டுக் கயிறு அறுந்தது. 2006 டிசம்பரில் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தருவதாக நின்டெண்டோ சொன்னது, 0.6 மில்லிமீட்டர் கயிறு 1 மில்லிமீட்டர் ஆனது. கூடவே ரிமோட்டை இறுக்கிப் பிடிக்கும்படி அறிவுரை. துள்ளிக் குதிக்கச் சொன்ன விளம்பரங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

கேமர்கள் 2006-இலேயே சொன்னார்கள், இது அசைவைப் பின்தொடரவில்லை, உதறலை எண்ணுகிறது என்று. அவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘ஹார்ட்கோர்’. அதாவது அகங்காரம் பிடித்தவன், பாட்டிகள் விளையாடுவது பொறுக்காதவன். பிறகு 2009-இல் நின்டெண்டோவே ‘மோஷன் பிளஸ்’ என்று ஒரு துண்டை விற்றது. ரிமோட்டின் வாலில் சொருக வேண்டும், உள்ளே சுழற்சியை அளக்கும் கைரோ இருக்கும், இனிமேல் உங்கள் கை போகிறபடியே வாள் போகும் என்றார்கள். இனிமேல் என்றால், இத்தனை நாள்? குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை 20 டாலர் விலை போட்டு, பாதிக்கப்பட்டவனிடமே விற்ற நிறுவனம் வேறு உண்டா தெரியவில்லை. வீ 10 கோடிக்கு மேல் விற்றதே என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். விற்றது, சந்தோஷம். பவுலிங் நிஜமாகவே நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாள் பொய் என்பது அதனால் மாறிவிடவில்லை.

சோனியின் கதை சின்னது, ஆனால் ருசியானது. பிளேஸ்டேஷன் 3-க்கு ‘சிக்ஸ்ஆக்சிஸ்’ கன்ட்ரோலர் 2006-இல் வந்தபோது பல வருடமாக இருந்த அதிர்வு காணாமல் போயிருந்தது. காரணம் கேட்டால், அதிர்வு இருந்தால் அசைவை உணரும் பாகம் குழம்பிவிடுமாம். அதே நவம்பரில் கடைக்கு வந்த வீ ரிமோட்டில் அதிர்வும் இருந்தது, அசைவும் இருந்தது, இரண்டுக்கும் சண்டையில்லை. அதிர்வுக் காப்புரிமை வழக்கில் சோனி இம்மர்ஷன் நிறுவனத்திடம் தோற்றுக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கக் கூடாது, அவ்வளவுதான். 2007 மார்ச்சில் வழக்கு சமரசமானது. செப்டம்பரில் அதிர்வும் அசைவும் சேர்ந்த ‘டூயல்ஷாக் 3’ அறிவிப்பு வந்தது. ஆறே மாதத்தில் இயற்பியல் விதி மாறிவிட்டது போலும்! இடையில் ‘லேர்’ என்றொரு டிராகன் விளையாட்டு. கன்ட்ரோலரைச் சாய்த்துத்தான் பறக்க வேண்டும், கட்டைவிரலால் தள்ளும் குச்சிக்கு வேலை கிடையாது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டதும் சோனி அவர்களுக்கு எப்படி விளையாடுவது என்று ஒரு கையேடே அனுப்பியது. கேம் உலகில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக் கேம் ஆடப் பாடம். மறு வருடம் சத்தமில்லாமல் குச்சியால் பறக்கும் வசதியை அப்டேட்டில் கொடுத்தார்கள்.

இனி மைக்ரோசாஃப்ட். கோபத்தில் பெரும்பங்கை இவர்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறேன்.

2009 ஜூன், லாஸ் ஏஞ்சல்ஸ், இ3 கண்காட்சி. கையில் எதுவுமே வேண்டாம், நீங்களே கன்ட்ரோலர் என்றார்கள். மேடையில் ஸ்பீல்பெர்க் வந்து ஆசி கூறினார். கேம் வடிவமைப்பாளர் பீட்டர் மாலினூ ‘மைலோ’ என்ற சிறுவனைக் காட்டினார். திரைக்குள்ளிருக்கும் பையன், உங்கள் முகம் பார்த்துப் பேசுவான், உங்கள் குரலில் சோகம் இருந்தால் தெரிந்துகொள்வான், காகிதத்தில் மீன் வரைந்து நீட்டினால் கை நீட்டி வாங்கிக்கொள்வான். அரங்கம் உருகியது. உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட அந்தப் பையன் கடைசி வரை கடைக்கு வரவில்லை.

மறு வருடம் பொருளுக்குக் கினெக்ட் என்று பெயர் சூட்ட சிர்க் டு சொலேய் சர்க்கஸ் குழுவை வரவழைத்தார்கள். பத்திரிகையாளர்களுக்கெல்லாம் தோளில் விளக்கெரியும் வெள்ளை அங்கி போர்த்தி உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்க வந்தவனுக்கே வேஷம் கட்டிவிட்டால் அப்புறம் எதைக் கேட்பான்! விளம்பரத்துக்கு மட்டும் 50 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதே நேரத்தில், அசைவுக் கணக்கைப் போடக் கருவிக்குள் இருக்க வேண்டிய தனிச் செயலியை எடுத்துவிட்டு, அந்த வேலையை எக்ஸ்பாக்ஸ் 360-இன் தலையில் கட்டினார்கள். சர்க்கஸுக்குப் பணம் இருந்தது, சில்லுக்கு இல்லை.

கினெக்டின் ஆழக்கேமரா நொடிக்கு 30 படம்தான் எடுக்கும். படம் எடுத்து, அதில் மனிதன் எது சோபா எது என்று பிரித்து, மூட்டுகளை ஊகித்து, பிறகு விளையாட்டுக்குச் சொல்லி, அது திரையில் வருவதற்குள் உங்கள் கை வேறு வேலைக்குப் போயிருக்கும். விரல்கள் அதற்குத் தெரியாது, ஆகவே துப்பாக்கி விசையை இழுக்க முடியாது. அறைக்குள் நடந்தால் சுவரில் முட்டுவீர்கள், ஆகவே விளையாட்டுக்குள்ளும் நடக்க முடியாது. அதனால்தான் கினெக்ட் விளையாட்டுகளில் பாதி, உங்களைத் தண்டவாளத்தில் ஏற்றி உட்கார்த்தி அழைத்துப்போயின. 2012-இல் வந்த ‘ஃபேபிள்: தி ஜர்னி’யில் குதிரை வண்டியில் உட்கார்ந்து கடிவாளம் ஆட்ட வேண்டியதுதான்.

மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைக் கேளுங்கள். பட்டன் என்றால் கண் இமைக்கும் நேரம். இங்கே கையைத் தூக்க வேண்டும், திரையில் மிதக்கும் கைப்படத்தை எழுத்துக்கு மேல் கொண்டுபோய் அசையாமல் நிறுத்த வேண்டும், ஒரு வட்டம் மெல்ல மெல்ல நிரம்பும் வரை தோள் வலிக்கக் காத்திருக்க வேண்டும். வட்டம் முக்கால் நிரம்பும்போது கை கொஞ்சம் நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பெயர் இயல்பான முறையாம். ஆறடி, எட்டடி காலி இடம் கேட்கும் கருவியை டோக்கியோவிலும் லண்டனிலும் சின்ன வீட்டில் இருப்பவன் எங்கே வைப்பான் என்று கேட்டால், அதற்கும் சந்தையில் மருந்து வந்தது: கினெக்டின் மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் லென்ஸ். வேறொரு நிறுவனம் விற்றது, வாங்கினார்கள்.

‘ஸ்டீல் பட்டாலியன்’ என்ற விளையாட்டு 2002-இல் வந்தபோது சுமார் 40 பட்டன் கொண்ட ராட்சசப் பலகையோடு வந்தது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அழுத்தியது நடந்தது. பத்து வருடம் கழித்து அதன் அடுத்த பாகத்தை ஃப்ரம் சாஃப்ட்வேர் கினெக்டுக்குச் செய்தது. பலகை போய்விட்டது, காற்று வந்துவிட்டது. டாங்கிக்குள் உட்கார்ந்து குண்டு விழும்போது ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினால் கருவி வேறு எதையோ பிடித்து இழுக்கும். மறுபடி நீட்டுவீர்கள், மறுபடி வேறு எதையோ. அதற்குள் டாங்கி எரியும். ‘டான்ஸ் சென்ட்ரல்’ ஒன்று விதிவிலக்கு. ஆடத்தானே ஆடுகிறோம், கொஞ்சம் பிசகினால் என்ன; அது அழகாகவே இருந்தது.

முதல் 60 நாளில் 80 லட்சம் கினெக்ட் விற்றது என்று கின்னஸ் பதிவு கொடுத்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த தீபாவளிவரை, சரி, அவர்கள் ஊர்க் கணக்கில் அடுத்த கிறிஸ்துமஸ்வரை, அதைத் தூசி தட்டினார்கள் என்று அளக்கக் கின்னஸில் பிரிவு கிடையாது.

விரும்பி வாங்குபவன் தீர்ந்துபோனதும் கட்டாயப்படுத்தினார்கள். 2013 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது கினெக்ட் இல்லாமல் கன்சோல் ஓடாது என்றார்கள். விலை 499 டாலர். கேமராவைக் கட்டாயமாக்காத பிளேஸ்டேஷன் 4-க்கு 399. எப்போதும் காது கொடுத்துக் கேட்கும் மைக், இருட்டிலும் பார்க்கும் கேமரா, அதுவும் வரவேற்பறை நடுவில். அறிமுகமான சில வாரங்களில் ஸ்னோடன் ஆவணங்கள் வெளியாகி, பிரிசம் உளவுத் திட்டப் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் பெயரையும் உலகம் படித்தது. அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள் என்று கேமராவால் எண்ணி, உரிமத்துக்கு மேல் தலை இருந்தால் நடவடிக்கை எடுக்கும் முறைக்கு அதே நிறுவனம் காப்புரிமை கேட்ட விண்ணப்பம் 2012-லேயே வெளியாகியிருந்தது. கையின் அசைவைச் சரியாகப் பிடிக்கத் துப்பில்லாவிட்டாலும் தலையை எண்ணுவதற்குத் திட்டம் இருந்தது. ‘வேண்டாம்’ என்ற கேமர்களைப் பார்த்து, எதிர்காலம் புரியாதவர்கள் என்றார்கள்.

ஆகஸ்டில் கட்டாயம் போயிற்று. மறு வருடம் ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியே 399 டாலருக்கு வந்தது. அந்தக் கருவிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கிராஃபிக்ஸ் திறனையும் அப்போதுதான் விளையாட்டு செய்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதாவது அதுவரை, கேமராவைப் பெட்டியை விட்டு எடுக்காதவன்கூட அதற்கு வரி கட்டிக்கொண்டிருந்தான்.

தொழில்நுட்பம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கினெக்டை உடைத்துத் தங்கள் கணினியில் ஓட்டியவர்கள் ரோபோவுக்குக் கண் கொடுத்தார்கள், ஆய்வுக்கூடங்கள் மலிவாக ஒரு ஆழக்கேமரா கிடைத்ததென்று கொண்டாடின. அதன் மூளையைச் செய்த பிரைம்சென்ஸை 2013-இல் ஆப்பிள் வாங்கியது. 2017-இல் ஐபோனில் முகம் பார்த்துப் பூட்டுத் திறக்கும் கேமரா வந்தது. அதற்குரிய வேலைக்கு வைத்தால் அது நன்றாகவே வேலை செய்தது. பட்டனுக்கு மாற்று என்று சொல்லி விற்றதுதான் அயோக்கியத்தனம்.

கினெக்ட் தயாரிப்பை 2017 அக்டோபரில் நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 2016-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கன்சோலில் அதைச் சொருகும் துளையையே எடுத்துவிட்டிருந்தார்கள். சொருகாமல் ஓடாது என்று மூன்று வருடத்துக்கு முன் சட்டம் பேசிய அதே ஆட்கள்தான். அந்தப் பேச்சை நம்பிக் கருவியைப் பத்திரமாக வைத்திருந்தவனுக்குத் தனியாக ஒரு அடாப்டர் தேவைப்பட்டது. 2018 ஜனவரியில் அந்த அடாப்டரையும் செய்வதை நிறுத்தியாயிற்று.