பெட்டியில் வரும் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி 1993க்குள் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. பள்ளியிடமிருந்து பிள்ளையை மீட்ட பெற்றோர் பலர் அடுத்துச் செய்வது, வகுப்புவாரியாகப் பாடத்திட்டப் பெட்டி வாங்கி அதே பள்ளியை வீட்டுக்கு வரவழைப்பதுதான். எந்த வயதுக்கு எந்தப் பாடம் என்பதற்கு அவர்களில் ஒரு சாராருக்கு வேதவாக்கு, துப்பறியும் நாவலாசிரியர் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை. கிளிப்பிள்ளைப் பருவம், எதிர்வாதப் பருவம், கவிதைப் பருவம் என்று குழந்தைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். குழந்தை உளவியலில் தம் கருத்துகள் மரபானவையும் அல்ல, முற்போக்கானவையும் அல்ல என்று அதிலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். பெட்டி விற்பவர்களுக்கு அந்த ஒப்புதல் அவ்வளவாகப் பயன்படாது.

திட்டமே இல்லாவிட்டால் கணக்கில் ஓட்டை விழாதா என்பார்கள். விழும். பின்னம் தெரியாமல் இயற்கணிதம் வராது. கணக்குக்கு வரிசை வேண்டும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் வரலாறு அப்படியல்ல; பத்து வயதில்தான் என்னைப் படிக்க வேண்டும் என்று எந்தப் பிரமிடும் நிபந்தனை போடவில்லை. வயது ஏற ஏறப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் பிள்ளையின் கைக்கு மாற வேண்டும். பதினாறு வயதிலும் பெற்றோரே தேர்ந்தெடுத்தால், பள்ளிக்கும் வீட்டுக்கும் மிஞ்சும் வேறுபாடு சீருடை ஒன்றுதான்.