சம்மட்டிப் பேச்சு: ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழில் பேச்சு பொழியும்; குடை இருந்தால் கேட்பவர் தப்பிவிடலாம். புனேயில் குடை உதவாது. அங்கே யாராவது அனல் பறக்கப் பேசினால், மறுநாள் மராத்தி நாளிதழ் அதைக் 'கணாகாதி பாஷண்' என்று எழுதும். 'கண்' என்பது கொல்லுப்பட்டறைச் சம்மட்டி; 'ஆகாத்' என்பது அடி. (தமிழ்க் கண்ணுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உறவு கண்டுபிடித்து வைத்திருக்கும் புனேவாழ் தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.)

பட்டறைச் சம்மட்டி மேடையேறியது எப்படி? கஸ்பா பேட்டையின் தாம்பட் ஆளியிலிருந்து என்கிறது முதல் கொள்கை. பேஷ்வா காலந்தொட்டுச் செப்புப் பாத்திரம் தட்டும் கன்னார் தெரு அது; பொதுக்கூட்டங்கள் முழங்கும் சனிவார்வாடாவுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். கேட்க அழகாக இருக்கிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. கன்னார் கையில் இருப்பது சிறு சுத்தியல். குடத்தின் மேனியெங்கும் சின்னச் சின்னக் குழி விழ, பொறுமையாகத் தட்டிக்கொண்டே இருப்பார். தகடு இறுகும், பளபளக்கும். இது ஆவேசமல்ல, பாடம் நடத்துவது. பொருத்தமான உதாரணம் ரானடே 1875இல் தொடங்கிய வசந்த் வியாக்யான்மாலா: கோடை வெயிலில் மாதம் முழுக்க நாளுக்கொரு உரை. நடத்தும் சங்கத்தின் பெயர் வக்த்ருத்வோத்தேஜக் சபா, அதாவது பேச்சாற்றலைத் தூண்டும் சபை. புனேக்காரரைப் பேசச் சொல்லித் தூண்டுவதற்கு ஒரு சபை! கொல்லன் தெருவில் ஊசி விற்றவர்கள்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

எனவே எடையைக் கொண்டு ஆராய்வதே முறை. 1916இல் பெல்காமில் ஒன்று, அகமத்நகரில் இரண்டு என்று திலகர் பேசிய மூன்று பேச்சுகளுக்காகப் புனே மாவட்ட மாஜிஸ்திரேட் கேட்ட நன்னடத்தை ஜாமீன் 20,000 ரூபாய்; தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேர் பிணை வேறு. பிணையைத் தள்ளிவிட்டுக் கணக்கிட்டாலும் பேச்சொன்றுக்கு 6,666 ரூபாய் 10 அணா 8 பை வருகிறது. சம்மட்டி ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்றே நினைத்தோம். கெடுத்தவர் ஜின்னா. திலகருக்காக அவர் வாதாட, நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அதே பேச்சு, அதே ஆண்டு; எடை பூஜ்யம்.

தாம்பட் ஆளிக் கொள்கையர் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: எடையே இல்லாதது சம்மட்டி ஆகுமா, ஆரம்பத்திலிருந்தே அது சுத்தியல்தானே என்று. அவர்களுக்கான மறுப்புரை தயார். சனிவார்வாடாவில் ஒரு மாலை வேளையும் ஒலிபெருக்கி அனுமதியும் கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.