சிடி ரைட் ஆகும்போது மௌசைத் தொடாதிருத்தல்: ஓர் ஆய்வு

லினக்ஸில் சிடி ரைட் பண்ணுவது குறித்து இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் மென்பொருளையே ஆராய்ந்தார்கள். அதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை யாரும் ஆராயவில்லை. இக்கட்டுரை அவரைப் பற்றியது. ஆய்வு வினா ஒன்றே: ரைட் ஆகும்போது மௌசைத் தொடலாமா?

கூடாது என்பது முன்னோர் முடிபு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. லேசர் உள்வட்டத்தில் தொடங்கி, ஒரே சுருளாக வெளிப்பக்கம் எழுதிக்கொண்டே போகும். பழைய டிரைவ்களுக்கு நடுவில் நிற்கத் தெரியாது. ஒரு மடங்கு வேகத்துக்கே நொடிக்கு 150 கிலோபைட் வேண்டும். எட்டு மடங்குக்கு 1,200. ஹார்ட் டிஸ்க் ஒரு கணம் தடுமாறி பஃபர் வறண்டுவிட்டால் 700 எம்பி சிடி குப்பைக்கூடைக்குப் போகும். அந்த நேரம் பார்த்து பிரவுசரைத் திறந்தவர் வீட்டாரின் ஏச்சுக்கு ஆளானது நியாயமே.

பிறகு சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் வந்தது. தரவு வரத்து நின்றால் லேசரும் நிற்கும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதும். மௌசைத் தொடா நோன்புக்கான காரணம் போயிற்று. நோன்பு போகவில்லை. லினக்ஸில் சிடி எழுதும் மென்பொருளான சிடிரெக்கார்டோ இந்த வசதியைப் பல காலம் வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு மட்டுமே கொடுத்தது. கேட்கத் தெரியாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நோன்பின் உச்சம் ஒன்பது நொடி. எழுதத் தொடங்குமுன் சிடிரெக்கார்ட், விலகிக்கொள்ள இதுவே கடைசி வாய்ப்பு என்று எச்சரித்துவிட்டு, ஒன்பதிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். யோசிப்பதற்கென்று கொடுத்த அவகாசம் அது. ஆனால் அந்த ஒன்பது நொடியில் எவரும் யோசிப்பதில்லை, எண்ணத்தான் செய்கிறார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு. யோசித்திருந்தால், முழு சிடியின் பிம்பமான ஐஎஸ்ஓ கோப்பைப் பிரித்து எழுதாமல் அப்படியே ஒரு கோப்பாகத் தூக்கிப் போட்ட சிடிகள் உலகில் இத்தனை இருக்காது. அவற்றைப் போட்டு கணினியை பூட் செய்தால் ஒன்றும் நடக்காது. திறந்து பார்த்தால் உள்ளே ஒற்றைக் கோப்பு, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை மட்டும் வந்து நிற்பதுபோல.

2006-இல் இத்துறையில் பெரும் பிளவு நேர்ந்தது. உரிமத் தகராறில் டெபியன் லினக்ஸ்காரர்கள் சிடிரெக்கார்டைக் கைவிட்டு, அதிலிருந்து வோடிம் என்ற கிளையைப் பிரித்தார்கள். மூல ஆசிரியர் யோர்க் ஷில்லிங் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. இரு தரப்பு வாதங்களையும் படித்து முடிப்பதற்குள் நிதானமாக நான்கு சிடி எழுதிவிடலாம். மௌஸ் விஷயத்தில் மட்டும் இரு தரப்பு அடியார்க்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தொடலாம் என்போர் கேத்ரீபி-யைச் சான்று காட்டுவர். படம் பார்த்துச் சொடுக்கும் அந்த மென்பொருளில், எழுதிய பிறகு சரிபார்க்கும் வசதியும் உண்டு. அதற்காக அது தட்டை வெளியே தள்ளி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். மேசைக் கணினியில் இது தானே நடக்கும். மடிக்கணினித் தட்டுக்கோ வெளியே வர மட்டுமே தெரியும், உள்ளே போகத் தெரியாது. ஆகவே ஆள் கை நீட்டி அதைத் தள்ளிவிட வேண்டும். இவ்வளவு நேரமும் எதையும் தொடாதிருந்தவருக்கு இந்த வித்தையில் விதிக்கப்பட்ட ஒரே உடலுழைப்பு அதுதான். அந்த நேரத்தில் பெரும்பாலோர் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள்.