மாப்ளே, குரூப்புல போட்டுட்டியாமே!

வா மாப்ளே, உக்காரு. மகளுக்கு மொட்டை எடுத்துக் காது குத்த நாள் குறிச்சாச்சு, அதை நம்ம சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டும் விட்டாச்சு. பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. புள்ள சிரிக்குது, பின்னாடி மயில் தோகை விரிக்குது, கீழே ரெண்டு ரோஜாப்பூ மினுக்கு மினுக்குனு எரிஞ்சு எரிஞ்சு அணையுது. நம்ம குலசாமி கோயில் பொட்டல்ல மயில் எப்படா வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன். தங்கக் கலர் எழுத்துல தேதி, நேரம், 'கெடா விருந்து உண்டு' வரைக்கும் விட்டுப்போகாம போட்டுருக்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். உன் மச்சினனுக்குச் சொன்னியா?

'அவரும் குரூப்புல இருக்காரே மாமா'ங்கிற. இருக்காருய்யா. நானும் இருக்கேன். உனக்கு வீடு கட்டக் கடன் குடுத்தவர் இருக்கார், நீ திருப்பிக் குடுக்காத கதையை ஊருக்குச் சொல்றவரும் இருக்கார். ஒரு குரூப்புல 1024 பேர் வரைக்கும் இருக்கலாமாம், பேத்தி சொன்னா. ஆனா புள்ள அத்தனை பேர் மடியிலயுமா உக்காந்து காது குத்தப்போகுது? தாய்மாமன் ஒருத்தன் மடியிலதான் உக்காரும். தோடு அவன் வாங்கணும், சீர்த்தட்டு அவன் தூக்கணும், ஆசாரி ஊசியை எடுக்கும்போது வீல்னு கத்துற புள்ளையை அவன்தான் அமுக்கிப் பிடிக்கணும். அந்த மடிக்குச் சொந்தக்காரனுக்கும், எந்த முறைன்னு உனக்கே தெரியாத ஒருத்தருக்கும் ஒரே நேரத்துல ஒரே 'டிங்'. பெரிய சமத்துவந்தான், பாராட்டணும். மச்சினன் மட்டும் இன்னும் பாராட்டலை, கவனிச்சியா? நீதான் மெசேஜை அமுக்கிப் பிடிச்சு யார் யார் படிச்சாங்கன்னு ராத்திரி பூரா பார்த்துக்கிட்டு இருந்தியாமே, என் மக முறைக்காரி, உன் பொஞ்சாதி சொன்னா. அவன் படிச்சுட்டான். நீலக்கோடு விழுந்துருச்சு. பதில்தான் விழலை.

கூத்து என்னன்னா, அன்னைக்குக் காலையில அதே குரூப்புல ஒரு கேதச் செய்தியும் வந்துச்சு. போட்டோவுல கெழவருக்குச் சந்தன மாலை. உன் மக போட்டோவுலயும் பொறந்தநாளைக்குப் போட்ட ரோஜா மாலை. நம்ம ஆளுகளுக்குச் செத்தாலும் மாலை, ஜெயிச்சாலும் மாலை, காது குத்தினாலும் மாலை. வடக்குத் தெரு பெரியவர் ஒருத்தர் கண்ணாடி போடாம எந்திரிச்சவரு, செத்தவருக்குக் கீழே 'வாழ்த்துக்கள், மென்மேலும் வளர்க'ன்னு போட்டுட்டாரு. உன் புள்ளைக்குக் கீழே ஒரு கும்பிடு, ஒரு கண்ணீர்த் துளி, 'ஓம் சாந்தி'. உன் பொஞ்சாதி உப்பும் மிளகாயும் எடுத்துப் புள்ளைக்குச் சுத்திப் போட்டாளாம். போடட்டும், தப்பில்லை.

அவரு பேரன் எந்திரிச்சு வந்து ரெண்டையும் அழிச்சான். சும்மா விட்டிருந்தா நாலு பேரு சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க. அழிச்ச இடத்துல 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு கல்வெட்டு மாதிரி நின்னுச்சு பாரு, அதுக்கப்புறம் ஊரே வேலைவெட்டியை விட்டுருச்சு. என்ன எழுதியிருந்தாரு, யாரைத் திட்டியிருந்தாரு, சொத்து விஷயமா, பழைய வரப்புத் தகராறான்னு ஆளுக்கு ஆள் போன். 2017ல இந்த அழிக்கிற வசதி வந்தப்ப ஏழு நிமிஷந்தான் கெடுவாம். இப்ப ரெண்டு நாளுக்கு மேலயே விடுறாங்களாம். புத்தி வர்றதுக்கு ஏழு நிமிஷம் பத்தாதுன்னு அந்த வெள்ளைக்காரனுக்கே தெரிஞ்சுருக்கு. நம்ம சொந்தக்காரங்களுக்கு ரெண்டு நாளும் பத்தாது, அது வேற விஷயம்.

நான் என்னமோ போனுக்கு விரோதின்னு நினைச்சுக்காத. எங்க காலத்து ஒழுங்கையும் சொல்றேன், கேளு. நல்ல சேதின்னா கார்டுல நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி வரும். கெட்ட சேதின்னா ஓரம் கறுத்திருக்கும். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குறதுக்குள்ள எங்க ஆத்தா ஓரத்தைப் பார்த்து ஒப்பாரியை ஆரம்பிச்சிரும். யாருக்கு, என்னன்னு பிறகுதான். கறுப்பு ஓரக் கார்டை வாசல்ல நின்னு படிச்சு, அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும். இப்ப நீ கேதத்தைத் தலைமாட்டுலயே வச்சுத் தூங்குற. தந்தின்னா கேக்கவே வேண்டாம், கிழிக்கிறதுக்கு முன்னாடியே தெருவே கூடிரும். தந்தியிலயும் சோம்பேறிக்கு வழி இருந்துச்சு. வாழ்த்துக்குன்னு ஆயத்தமா வாசகம் வச்சிருந்தான், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நம்பரை எழுதிக் குடுத்தாப் போதும், 'மணமக்கள் நீடூழி வாழ்க' அந்தப் பக்கம் போய் இறங்கிரும். உங்க ஸ்டிக்கருக்கெல்லாம் அவன்தான் தாத்தன். 2013 ஜூலையில தந்தியை மூடிட்டாங்க. மூடினப்ப டிவியில அழுதவங்கள்ல பாதிப்பேரு ஒரு தந்தியும் குடுத்திருக்க மாட்டாங்க.

கேதம் சொல்ல ஆள் அனுப்புற பழக்கம் இருந்துச்சே, அதை மட்டும் நான் பெருமையாச் சொல்ல மாட்டேன். அந்த வேலையை யார் தலையில கட்டி வச்சிருந்தோம்னு உனக்கும் தெரியும். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் காலனியில ஒருத்தரை எழுப்பி, இன்ன இன்ன ஊருக்கு நடன்னு விட்டாங்க. அவரு நாய்க்கடிக்கும் பாம்புக்கும் தப்பிச்சுப் போயி, தெருவுல நின்னபடியே சொல்லணும். திண்ணையில உக்காரப்படாது, தண்ணி கேட்டாக் கையிலதான் ஊத்துவாங்க. குடுக்கிற நெல்லைத் துண்டுல ஏந்திக்கிட்டு அடுத்த ஊருக்கு நடக்கணும். அழுகிறது நாம, கால் நோகுறது அவருக்கு. அதுக்கு முடிவு கட்டினதுக்காகவே இந்தப் போனை நான் கும்பிடுவேன். நிஜமாத்தான் சொல்றேன், நையாண்டி இல்ல.

2020ல கொரோனா வந்தப்பவும் இந்தக் குரூப்புதானே ஊரா நின்னுச்சு? கல்யாணத்துக்கு அம்பது பேரு, கேதத்துக்கு இருபது பேருன்னு சர்க்காரு எண்ணிவிட்டுச்சு. நம்ம பெரியம்மா போனப்ப மகமாரு ரெண்டு பேரு இ-பாஸ் கெடைக்காம போன் வெளிச்சத்துலதான் முகம் பார்த்தாளுக. யாருக்கு ரத்தம் வேணும், எத்தனை மணிக்கு எடுக்கப்போறாங்க, எந்தப் பஸ் நிக்கும், இதுக்கெல்லாம் குரூப்பை விட்டா நாதியில்ல. அதனால போடாதேன்னு நான் சொல்லலை. எப்பப் போடணும்கிறதுலதான் உனக்கும் எனக்கும் வழக்கு.

கேதம் சொல்லப் போனவருக்கே வரிசை சொல்லித்தான் விடுவாங்க. முதல்ல பொறந்த வீடு, அப்புறம் சம்பந்தி, அப்புறம் மத்தவங்க. அது வறட்டுக் கௌரவம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நான் வேற மாதிரி பார்த்தேன். மேலத்தெருவுல ஒருத்தர் பெரியாஸ்பத்திரியில கெடந்தாரு. மக துபாய்ல இருக்கா. டாக்டர் வெளியில வந்து மகனோட தோள்ல கை வச்சாரோ இல்லையோ, பக்கத்துல நின்ன ஒண்ணுவிட்ட சித்தப்பன் போனை எடுத்துட்டாரு. 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்'. அவருக்கு அப்படி ஒரு அவசரம், இன்னொருத்தன் முந்திருவானோன்னு. மகன் மூக்கைத் துடைச்சுட்டு அக்காவைக் கூப்பிட நம்பரைத் தேடுறான், அதுக்குள்ள அங்கேயிருந்து அவ கூப்பிட்டுட்டா. "தம்பி, குரூப்புல என்னமோ போட்டுருக்காங்களே, அது யாரு?"ன்னு கேட்டா. அப்பா பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டுத்தான் கேக்கிறா, இல்லேன்னு சொல்லுவான்னு. அவன் போனைக் காதுல வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்தவன், ரொம்ப நேரம் பேசலை. நான் பக்கத்துல நின்னேன்.

அந்தச் சித்தப்பனுக்கு அன்னைக்கு நூறு கும்பிடு பொம்மை விழுந்துச்சு. முந்திச் சொன்னவராம்.

சரி, நல்ல காரியத்துக்கு வருவோம். உன் பத்திரிகை அடியில ஒரு வரி போட்டிருக்க. 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு குடும்பத்துடன் வருக.' ஏத்துக்கிட்டேன் மாப்ளே. மாமன் பெருந்தன்மைக்காரன். நாளைக்கு நானும் திண்ணையில படுத்துக்கிட்டு ஒரு வரி போடுறேன்: 'இதையே நேரில் வந்து ஆயிரத்து ஒண்ணு மொய் எழுதியதாக ஏற்றுக்கொள்ளவும்'. உங்கப்பா ஏத்துக்குவாரா? மொய் நோட்டுல ஏறுமா? அடுத்த விசேஷத்துக்கு அதே ஆயிரத்து ஒண்ணை எனக்குத் திருப்பிச் செய்வீங்களா? என்ன சிரிக்கிற? 2021ல மதுரையில ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே அந்தக் கட்டம்போட்ட கியூஆர் கோடை அச்சடிச்சிருந்தாங்க, பேப்பர்லயே வந்துச்சு. வர முடியாதவங்க அதுல மொய் போடலாம். அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், கொரோனா நேரம், மனசுல உள்ளதை மறைக்காம அச்சடிச்சுட்டாங்க. நீ அழைப்பை மட்டும் காத்துல அனுப்பிட்டு, மொய்யைக் கையில வாங்கணும்ங்கிற பாரு, அதுக்குத்தான் துணிச்சல் வேணும்.

பத்திரிகை வைக்கிறதுன்னா என்னன்னு நினைச்ச? முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது தாய்மாமன் வீடு. புருஷன் பொஞ்சாதி ஜோடியாப் போகணும். தட்டுல வெத்தலை பாக்கு, பழம், குங்குமம். உக்காரச் சொன்னா உக்காரணும், காப்பி குடிக்கணும். அங்கதான் பழசெல்லாம் வெளியில வரும். போன வருஷம் என் வீட்டுப் பால் காய்ச்சுக்கு நீ ஏன் வரலைன்னு அவன் கேப்பான், நீ ஒரு பொய் சொல்லுவ, அது பொய்னு அவனுக்கும் தெரியும். ஆனாலும் உன் பொய்யை வாங்கிக்கிட்டுத் தட்டையும் வாங்கிக்குவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளின்னாலும் திண்ணையில வச்சுட்டாவது வந்திரணும். குரூப்புல யாரு கேப்பா? எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிருவான். கட்டைவிரலைத் தூக்கினவன்ல எத்தனை பேரு பந்திக்கு வருவான்னு சமையக்காரன் கேட்டா என்ன கணக்குச் சொல்லுவ? கெடா எத்தனை வெட்டணும்?

கோவிச்சுக்கிட்டுப் போறதையும் கெடுத்துட்டானுக. முன்னாடி ஒருத்தன் குரூப்பை விட்டு வெளியேறினா 'இன்னார் வெளியேறினார்'னு எல்லாருக்கும் காட்டும். உடனே நாலு பேரு கூப்பிட்டு, "என்ன மச்சான், எதுவும் மனசுல வச்சுக்காத"ன்னு சமாதானம் பேசி உள்ள கொண்டுவருவாங்க. 2022லருந்து சத்தமில்லாமப் போகலாமாம், அட்மினுக்கு மட்டுந்தான் தகவல் போகுமாம். ஏன்யா, கோவிச்சுக்கிட்டுப் பந்தியிலருந்து எந்திரிக்கிறவன் எதுக்கு எந்திரிக்கிறான்? பின்னாடியே ஒருத்தன் துண்டைப் பிடிச்சு இழுப்பான்னுதானே? யாருக்கும் தெரியாமக் கோவிச்சுக்கிறதுக்கு அவன் வீட்டுலயே இருக்கலாமே. நம்ம குரூப்புக்கு நீதான் அட்மின். காலையிலருந்து மச்சினன் பேரு அதுல இருக்கா இல்லையான்னு பார்த்தியா? பாரு, பாரு, நான் வெத்தலை போடுறேன்.

இருக்கா? நல்லவேளை. அப்ப இன்னும் வழி இருக்கு.

ஒண்ணு செய். இப்பவே கூப்பிடு. உன் போன்லருந்து கூப்பிட்டா எடுக்க மாட்டான், இந்தா, என் போனைப் பிடி. முதல் தடவை எடுக்கலைன்னா விட்டுட்டு உடனே அடுத்த தடவை அடி, ரெண்டாவதுக்கு அவன் பொஞ்சாதி எடுப்பா. அவகிட்ட நாள் குறிச்சாச்சுன்னு சொல்லாத. "ரெண்டு நாள் தோதா வருது, மச்சான்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணணும்"னு சொல்லு. குரூப்புல போட்டது என்னாச்சுன்னு கேட்டா, டிசைன் பண்ணின பையன் அவசரப்பட்டுட்டான்னு சொல்லிரு. அந்தப் பையன் நீதான்னு அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுக்குவா. அவன் தேதியை மாத்தச் சொல்ல மாட்டான். கேக்கணும்னுதான் இருப்பான், கேட்டுட்டா அதே தேதியைத் தானே சொல்லுவான். அதுக்கு நான் பொறுப்பு.

ஞாயித்துக்கிழமை தட்டோட கெளம்புங்க. அடைமழைன்னாலும் போயிருங்க. கார்ல பின் சீட்டு சும்மாதானே வரும், என்னையும் ஏத்திக்க. அவன் வீட்டுல நாட்டுக்கோழி அடிச்சா எலும்புக்குழம்பு தனியா வைப்பாங்க, ரொம்ப நாளாச்சு. அப்படியே போற வழியில நம்ம வீட்டுலயும் அந்தத் தட்டை ஒரு நிமிஷம் இறக்கி வச்சு எடுத்துரு. உனக்குத் தாய்மாமன் யாருன்னு உங்கம்மா எப்பவாவது சொல்லியிருப்பா.