பெண்டாட்டி வரி

கறம்பக்குடிக்குப் பக்கத்தில், அக்னியாற்றங்கரையில் ஒரு திருமணஞ்சேரி இருக்கிறது. மாயவரத்துப் பக்கம் இருப்பதுதான் பேர்பெற்றது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதுவே போதும். கல்யாணம் தட்டிப்போகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து சுகந்த பரிமளேஸ்வரர் சன்னதியில் நிறுத்துவார்கள். சாமி நியாயமானவர். ஒரு மாலை, ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம். அதற்கு மேல் கேட்கமாட்டார். மாப்பிள்ளை ரியாத்தில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் லீவில் வந்து தாலி கட்டிவிடலாம்.

கட்டிய பிறகு அவளைக் கூட்டிப்போக வேண்டுமே. அங்கேதான் பெரிய சாமிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு மாலை போதாது.

2017 ஜூலையில் சவூதி அரேபியா ஒரு புது வரி போட்டது. வெளிநாட்டு ஊழியர் தன்னோடு வைத்திருக்கும் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால். மனைவிக்கு 100. மூத்த பையனுக்கு 100. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் 100. அடுத்த ஆண்டு 200. அதற்கடுத்த ஆண்டு 300. 2020இல் 400. வளைகுடாவில் வருடா வருடம் தவறாமல் இன்கிரிமென்ட் வாங்கிய ஒரே ஆள் இந்த வரிதான்.

அதையும் மாதாமாதம் கட்ட விடவில்லை. இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது முழு ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டியிருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 2020 கணக்கில் 14,400 ரியால். அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாயை நெருங்கும். சரி, மருத்துவக் காப்பீடாவது அதில் அடக்கமா என்று கேட்கிறீர்களா? நீங்கள் வெள்ளந்தி. அது தனி. காப்பீடு எடுக்காவிட்டால் இக்காமா நகராது. அப்படியானால் இந்த 400 எதற்கு? அவள் அந்த நாட்டுக் காற்றைச் சுவாசிக்கிறாளே, அதற்கு. கடையில் போய்ப் பால்பவுடர் வாங்கினால் 2018இலிருந்து 5 சதவீதம் வாட்; 2020 ஜூலையிலிருந்து 15. அதையும் அவள்தான் கட்டினாள்.

என்ன தட்டுப்பாடு அந்த அரசுக்கு? அதே 2017இல், வரி போட்டு மூன்று மாதம் கழித்து, பாலைவனத்தில் நியோம் என்று ஒரு கனவு நகரம் கட்டப்போவதாகப் பட்டத்து இளவரசர் அறிவித்தார். திட்டத்தின் மதிப்பு 50,000 கோடி டாலர். அந்த மகா நகரத்துக்கு நம் பக்கத்து அக்கவுண்டன்ட் ஒருவரின் பெண்டாட்டியும் தவணை கட்டியிருக்கிறாள். பங்குப் பத்திரம் மட்டும் வந்து சேரவில்லை.

2018இல் வரி இரட்டிப்பானது. அதே ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்து கறம்பக்குடி, ஆலங்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னையை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டது. இங்கே தோப்பு போனது, அங்கே ரியால் போனது. சவூதியில் வேலை பார்த்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தி, குடும்பத்துக்கு எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பினார்கள். கல்யாணம் ஆனவர்கள் மறுபடி பேச்சிலர் ரூமுக்குப் போனார்கள். ஒரு கட்டிலுக்கு மேல் இன்னொரு கட்டில். மேல்கட்டிலில் படுத்தபடி போனில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பாக்கள் எத்தனை பேர் என்று எந்தத் துறையும் எண்ணவில்லை.

கொத்தனாருக்கும் வீட்டு டிரைவருக்கும் இந்த வரி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இக்காமாவில் எழுதியிருக்கும் தொழிலுக்குக் குடும்ப விசாவே இல்லை. பெண்டாட்டியே வர முடியாதவனிடம் பெண்டாட்டி வரி எப்படி வாங்குவது? உலகத்தில் ஏழைக்கென்றே தயாரிக்கப்பட்ட வரிவிலக்கு இது ஒன்றுதான்.

சிங்கப்பூர் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டது. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். ஆனால் ஒர்க் பெர்மிட்டில் போனவர் மனைவியை வரவழைத்துக் கூட வைத்துக்கொள்ள முடியாது. அங்கேயே ஒரு சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கு மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது அமைச்சு. மனைவிக்கு டிபென்டன்ட் பாஸ் வாங்க மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். எம்ஆர்டி ரயில் பாதையில் கம்பி கட்டுகிறவருக்கு அதில் எத்தனை மாதச் சம்பளம் அடங்கும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்.

இங்கிலாந்து நாகரிகமான நாடு. பையில் கைவிடும்போதும் ப்ளீஸ் சொல்லும். வெளியிலிருந்து வருகிறவர்கள் தேசிய மருத்துவச் சேவைக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று 2015 ஏப்ரலில் ஒரு கூடுதல் கட்டணம் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு 200 பவுண்டு. 2019இல் 400. 2020இல் 624. 2024 பிப்ரவரி முதல் 1,035. ஒன்பதே ஆண்டில் ஐந்து மடங்கு. எந்தச் சிரப்பின் விலை இப்படி ஏறியது? புதிதாகக் கட்டிய மனைவியை அழைக்க 33 மாத விசா. அதற்கு மருத்துவக் கட்டணம் மட்டும் 3,105 பவுண்டு. விமானம் ஏறும் முன்னே கட்ட வேண்டும். விசாக் கட்டணம் வேறு. எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும். நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு ரொக்கம் கேட்டால் வரதட்சணைத் தடைச் சட்டத்தில் உள்ளே தள்ளலாம். மாட்சிமை தங்கிய மன்னரின் அரசு கேட்டால் ஆன்லைனில் கட்டிவிட்டு ரசீதை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போய் இறங்கி அவள் வேலைக்குச் சேர்ந்தால்? வருமான வரி கட்டுவாள். தேசியக் காப்பீட்டுப் பங்கும் கட்டுவாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரி என்னவெல்லாம் கட்டுகிறாளோ அத்தனையும் கட்டுவாள். அந்தப் பணத்தில்தான் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் நடக்கின்றன. ஆக, ஒரே காய்ச்சலுக்கு இரண்டு தடவை பணம். 33 மாதம் முடிந்து விசாவை நீட்டிக்கப் போனால் மறுபடி முதலிலிருந்து.

அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறதா? 2023 ஜூலையில் டாக்டர், போலீஸ், வாத்தியார் சம்பள உயர்வுக்குப் பணம் எங்கே என்று கேட்டபோது பிரதமர் ரிஷி சுனக் கைகாட்டியது விசாக் கட்டணத்தையும் இந்த மருத்துவக் கட்டணத்தையும்தான். அவர் அப்பா அம்மாவும் வெளியிலிருந்து போய்க் குடியேறியவர்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பதற்கு அங்கே கட்சி பேதமில்லை. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளின் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தொட்டது. முன்பணம் கட்டிய மனைவிக்கு முன்வரிசையா? இல்லை. அவளும் அதே வரிசையில்தான்.

கொரோனா நேரத்தில் வியாழக்கிழமை தோறும் வாசலில் நின்று நர்ஸுகளுக்குக் கைதட்டினார்களே, நினைவிருக்கிறதா? அந்த நர்ஸுகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே இந்தக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2020 மே 20ஆம் தேதி பிரதமர் போரிஸ் ஜான்சன் அது சரிதான் என்று நாடாளுமன்றத்தில் வாதாடினார். மே 21ஆம் தேதி ஊழியர்களுக்கு ரத்து என்றார். ஒரே ராத்திரியில் வந்த ஞானோதயம். அந்த ஞானமும் நீடிக்கவில்லை. 2024 மார்ச் 11 முதல் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ அழைத்துவரக் கூடாது என்று சட்டம் வந்தது. அவர்கள் அம்மாவை நாம் குளிப்பாட்டலாம். நம் பிள்ளையை நாம் குளிப்பாட்டக் கூடாது.

இனி அமெரிக்கா. அங்கே எல்லாமே பெரிசு, அபத்தமும் சேர்த்து.

2010இல் ஒபாமா சட்டம் போட்டார். நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லோரும் காப்பீடு எடுங்கள். எடுக்காவிட்டால் 2014 முதல் வருமான வரியோடு அபராதம். 2016இல் அது பெரியவர் ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் இரண்டரை சதவீதம், எது அதிகமோ அது. கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மாறாமல் நியூ ஜெர்சியில் போய் இறங்கும் பெண்ணுக்கு எச்4 விசா. பெரும்பாலும் வேலை பார்க்கக் கூடாது. காப்பீடு மட்டும் இருக்க வேண்டும். கணவனின் கம்பெனிக் காப்பீட்டில் அவள் பெயரைச் சேர்க்க அநேகமாக 30 நாள்தான் கெடு. பெட்டியைப் பிரித்து, ஊறுகாய் பாட்டில் உடைந்ததா என்று பார்த்து, தூக்கம் பிடித்துச் சுதாரிப்பதற்குள் கெடு முடிந்துவிடும். பிறகு கம்பெனி அடுத்த தடவை கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். முதல் ஆண்டு வந்தவர்கள் பலருக்கு அபராத விலக்கு இருந்தது. படிவம் 8965 போட வேண்டியிருந்தது. அப்படி ஒரு படிவம் இருப்பதைக் கண்டுபிடித்தவருக்கு அது கிடைத்தது.

2017இல் டிரம்ப் வந்து ஒரு வரிச் சட்டம் போட்டார். 2019 முதல் அபராதம் பூஜ்யம் டாலர். காப்பீடு எடுக்க வேண்டும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. மீறினால் கட்ட வேண்டியது பூஜ்யம். சரி, தனிமனித சுதந்திரம் என்று கைதட்டினார்கள். நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் நாங்கள் விடமாட்டோம் என்று தங்கள் கணக்கில் அபராதம் போட்டன.

அதே 2019, அக்டோபர் 4. அதே டிரம்ப். புதிய பிரகடனம். குடியேற்ற விசாவில் வருகிறவர், வந்து 30 நாளுக்குள் மருத்துவக் காப்பீடு எடுப்பதாகவோ, கைக்காசு போட்டு வைத்தியம் பார்ப்பதாகவோ காட்டாவிட்டால் விசா கிடையாது. அமெரிக்கக் குடிமகனைக் கட்டிய மனைவிக்கும் சேர்த்துத்தான். குடிமகன் காப்பீடு இல்லாமல் திரிந்தால் சுதந்திரம். அவன் பெண்டாட்டி காப்பீடு இல்லாமல் வந்தால் நாட்டுக்குச் சுமை. அரசு மானியத்தோடு கிடைக்கும் முழுமையான காப்பீடு எடுக்கிறேன் என்றால் செல்லாது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் அரைகுறைக் காப்பீடு, 364 நாளைக்கு இருந்தால், செல்லும். நோய் வந்தால் அது கைகொடுக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அட்டை இருந்தால் சரி.

நவம்பர் 3ஆம் தேதி அமலுக்கு வர வேண்டியது. அதற்கு முந்தின நாள், போர்ட்லண்டில் மைக்கேல் சைமன் என்ற நீதிபதி தடை போட்டார். மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 31ஆம் தேதி தீர்ப்பு மாறியது. 2021 மேயில் பைடன் பிரகடனத்தையே ரத்து செய்தார். இந்த ஒன்றரை ஆண்டும் எத்தனை தம்பதிகள் கேலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

சரி, வம்பே வேண்டாம், அவள் ஊரிலேயே இருக்கட்டும், மாதாமாதம் பணம் அனுப்பிவிடலாம் என்று நினைத்தால், 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் ரொக்கமாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி. முதலில் கேட்டது 5. ஒன்றோடு விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அவள் அங்கே போனாலும் வரி, போகாவிட்டாலும் வரி.

அந்நியனைத் திட்டியது போதும். நம் வீட்டு லட்சணத்தைப் பார்ப்போம்.

உலக வங்கிக் கணக்குப்படி 2024இல் வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவுக்கு அனுப்பியது 12,900 கோடி டாலர். உலகத்திலேயே முதலிடம். 2023-24இல் நாட்டுக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு என்கிறது ரிசர்வ் வங்கி. ஜனவரி 12 வந்தால் அயலகத் தமிழர் தினம். மேடை, பொன்னாடை, குத்துவிளக்கு. அந்தப் பணத்தை அனுப்புகிறவரின் பெண்டாட்டி கறம்பக்குடியில் தன் பெயரில் ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால், 2017 ஜூலை முதல் 18 சதவீத ஜிஎஸ்டி. 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் வரி. இது அநியாயம் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதிதான் அந்த வரியை எடுத்தார்கள். எட்டு ஆண்டு வாங்கியதைப் பற்றி மூச்சில்லை. எடுத்ததைப் பண்டிகைப் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். பையிலிருந்து எடுத்ததை நிறுத்தியதற்குப் பேர் பரிசு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே? இருக்கிறது. ஐந்து லட்சம் வரை வைத்தியம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வந்தாலும் அவர்கள் வசதியானவர்கள். ஏஜெண்டுக்கு அழுத கடன், அதற்கு ஓடும் வட்டி, அடகில் கிடக்கும் நகை எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கே காசு கேட்கமாட்டார்கள். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் அந்தக் காப்பீட்டு அட்டை இல்லாதவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி பதினோரு மணிக்குப் போய் நின்றால், முதலில் வருவது டாக்டர் இல்லை, பில் கவுண்டர்.

அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறாள். எந்த ஊர் அலுவலகத்திலும் பேச்சு இப்படித்தான் போகும்.

"வீட்டுக்காரர் எங்கத்தா இருக்காரு?"

"ரியாதுல டிரைவரா இருக்காக சார்."

"வெளிநாடா? அப்பறம் ஒனக்கு எதுக்கு இலவச அட்டை? நீயே வந்து நின்னா ஏழைபாழைங்க என்ன பண்ணுவாங்க?"

"அந்த ஊர்ல எங்கள ஏழைன்னு சொல்லித்தான் சார் எனக்கு விசாவே தரல."