அண்ணாந்து பாருங்க தம்பி

வாங்க தம்பி, வெயில்ல உக்காருங்க. தை மாசத்துல குன்னூர்ல வெயிலை விட்டா நமக்கு வேற சொத்து ஏது? பழைய துரை பங்களா வாங்கியிருக்கீங்கன்னு ஊரே பேசுது. கணப்பைச் சுத்தி மார்பிள் பதிச்சு, மேல பித்தளைக் கடியாரம் வச்சு, போட்டோ புடிச்சு ஒறம்பரைக்கெல்லாம் அனுப்பிட்டீங்களாம். நல்ல சோலி. பத்த வச்சா புகை மட்டும் ஹாலுக்குள்ள வருதாம். போன ஐப்பசி மழையில, பக்கத்துச் செவுத்துல டீயை ஊத்தின மாதிரி கறையாம். அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க, போட்டோவுல புகையா நாறப் போகுது?

காரமடையில இருந்து கொத்துக்கரண்டியைத் தூக்கிட்டு மலையேறினவன் நான். இந்த ஊர்க் கூரைங்க மேல நாப்பது வருசம் தொத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். தண்ணி வர்றது கூரையில, வீட்டுக்காரங்க காசு போடறது தரையில. ரெண்டும் ஒரு நாளும் சந்திச்சு நான் பார்த்ததில்ல.

கறையைப் பார்த்ததும் பெயிண்டரைக் கூப்பிட்டீங்க பாருங்க, அதுதான் பெரிய மனசு. மூணு மழைக்கு மூணு தடவை அடிச்சாச்சு. அவரு மக காலேஜு முடிச்சிட்டா. இன்னும் ரெண்டு மழை அடிச்சீங்கன்னா கல்யாணமும் ஆயிரும். அப்பறம் போன்ல "சிம்னி ரிப்பேர்"னு சொல்லி வரவழைச்சீங்களே ஒரு பையன், அவன் சமையலறைக்குள்ள போயி அடுப்பு மேல மாட்டுற சிம்னியைத் தேடுனானாமே! பாவம், அவனுக்குத் தெரிஞ்ச சிம்னிக்கு பட்டன் இருக்கும். உங்க சிம்னிக்கு இருக்கறது செங்கல்லும் வெள்ளக்காரன் ஆவியும்.

சரி, கறைக்கு வருவோம். சிம்னியும் கூரை ஓடும் சேர்ற எடத்தை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா? அங்க ஈயத் தகட்டைப் படிப்படியா வெட்டி மடிச்சு, ஒரு ஓரம் ஓட்டுப் பக்கம் படியற மாதிரியும், மறு ஓரம் செங்கல் சந்துக்குள்ள சொருகற மாதிரியும் வச்சிருப்பாங்க. கூரை மரத்து மேல நிக்குது, வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும். சிம்னி தன்னோட அஸ்திவாரத்துல தனியா நிக்குது, அசையாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல வளைஞ்சு கொடுக்கறதுக்குத்தான் ஈயம். உங்க ஆளு அதை உருவி பழைய இரும்புக் கடையில போட்டுட்டு, அந்த எடத்துல சிமெண்டை அப்பியிருக்கான். சிமெண்டு வளையுமா? கோடையில மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், மழையில தண்ணி அது வழியா உங்க ஹாலுக்கு வந்திருக்கும்.

அதோட விட்டானா? சிம்னி ஒடம்பு பூராவும் சிமெண்டு பூசி மொழுகிட்டான். அந்தச் செங்கல் சுண்ணாம்புக் காரையில கட்டினது தம்பி. காரை மழையில ஈரத்தைக் குடிக்கும், வெயில்ல கக்கிரும். மேல சிமெண்டு போட்டு வாயைக் கட்டினா, கக்க வழியில்லாம செங்கல்லு மூஞ்சியே பேந்து விழும். வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கே, "பழமை அழகு"ன்னு அதையும் போட்டோ எடுத்தீங்களாம். உள்ள தண்ணி நடக்குதுன்னு செங்கல்லு எழுதின கடுதாசி அது. காரையில கட்டினதுக்குக் காரையில சந்து அடைக்கோணும்.

உச்சியில போட்ட காரைத் தட்டும் செங்கல்லோட சரிக்குச் சரியா நின்னா ஆகாது. ரெண்டு அங்குலம் வெளிய நீட்டி, அடியில ஒரு கோடு கீறி விடோணும். தண்ணி அந்தக் கோட்டுலயே சொட்டிரும், செங்கல்லைத் தொடாது. வாசல் சன்ஷேடுக்கு நாம செய்யற அதே வேலை. வாய்க்கு வலை போட்ட தகரக் குடை ஒண்ணு வேணும். குரங்கு புடுங்காத மாதிரி நல்லா முடுக்கி வைக்கோணும். அதுங்களுக்கும் பங்களா பிடிச்சிருக்குது.

எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க மிஷினெல்லாம் வேண்டாம். காஞ்ச நாளாப் பார்த்து ஒருத்தர் கூரையில குழாய்த் தண்ணியோட நிக்கோணும், ஒருத்தர் உள்ள டார்ச்சோட. முதல்ல ஓட்டுப் பக்கம் கீழ பத்து நிமிசம், அப்பறம் தகடு, அப்பறம் சந்து, கடைசியா உச்சி. எடுத்ததும் உச்சியில ஊத்தினா எல்லாமே நனையும், ஒண்ணும் தெரியாது. ஊட்டிக்கு மேற்கால ஆனி ஆடிக் காத்து மழை, நம்ம குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை. மழை எந்தப் பக்கம் மொத்துதோ அந்தப் பக்கத்துல கூடுதலா நேரம் குடுங்க.

இனி புகை. மார்பிளுக்காகக் கணப்பு வாயை 30 அங்குலத்துல இருந்து 48 ஆக்கிட்டீங்க. உயரம் அதே 30. வாய்ப் பரப்புல பத்துல ஒரு பங்காவது மேல போற குழலுக்கு இருக்கோணும். முன்ன 90 சதுர அங்குலம் போதும், இப்போ 144 வேணும். தொண்டை பழசு, வாய் மட்டும் புதுசு. அரசியல்ல அது செல்லும், கணப்புல செல்லாது. ஒரு தகரத்தை வாயோட மேல் விளிம்புல புடிச்சு மெல்லக் கீழ இறக்குங்க. எங்க புகை நிக்குதோ, அந்த அளவுக்கு ஒரு பட்டி போட்டுரலாம். ஆழமாத் தோண்டினா சூடு கூடும்னு யாரோ சொன்னாங்களாம். ரம்ஃபோர்டு பிரபுன்னு ஒருத்தர், ஆழத்தைக் குறைச்சு, ரெண்டு பக்கச் செவுத்தையும் சாய்ச்சு, தொண்டையைச் சுருக்குனாத்தான் சூடு அறைக்குள்ள வரும்னு 1796-லயே எழுதி வச்சிட்டார். உங்களுக்குச் சொன்னவரு அதுக்கு முன்னாடி படிச்சவரா இருக்கும்.

குழலுக்குள்ள கரி படிஞ்சா, ஒரு ரூவாக் காசு ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு வச்ச கனம் வந்ததும் பிரஷ்ஷு போட்டுத் தேய்ச்சிருங்க. ஈரம் காயாத கற்பூர மரத்தை, அதான் யூகலிப்டஸை, எரிச்சா அந்தக் கரி தார் மாதிரி மினுமினுன்னு ஒட்டும், ஒரு நாள் பத்திக்கும். உள்ள ரயில் போற மாதிரி இரையும், நம்ம மலை ரயிலைவிட வேகமா. அப்போ சிம்னிக்குள்ள தண்ணி ஊத்தக் கூடாது, குழல் வெடிச்சிரும். எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 101-க்கு அடிங்க. சீகை மரமோ கற்பூர மரமோ, பொளந்து ஒரு வருசமாவது காய வைங்க. பெயிண்டு அடிச்ச பலகையும் பிளைவுட்டும் கணப்புக்கு வேண்டாம்.

இது ஒண்ணு மட்டும் கேலி இல்ல தம்பி. புகை வருதுன்னு கணப்பை விட்டுட்டு, கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திப் படுத்திராதீங்க. கரிப்புகையில இருக்கற விசத்துக்கு வாசமே கிடையாது. இந்த மலைகள்ல அப்படிப் படுத்தவங்க காலையில எந்திரிக்கல.

இப்போ ஓட்டுல பாசி வழுக்கும். மாசி கடைசியில காஞ்சிரும், அப்போ ஏறுவோம். முப்பது அடி ஏணி எங்கிட்டயே இருக்குது. கீழ புடிச்சுக்க ஒரு ஆள் வேணும், மார்பிள்காரரை அனுப்பாதீங்க, நீங்களே வாங்க. அண்ணாந்து பார்த்துக்கிட்டேதான் புடிக்கோணும்.